காலந் தாழ்த்திய விடை

புகையிரதப் பாதை தெருவைக் குறுக்கிடும் கடவை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். வண்டி வருகிறதென்னும் செய்தி காவலாளிக்குக் கிடைக்கின்றது. அவர் கடமையுணர்ச்சி மிக்கவர். செய்தியைப் பிழையின்றி விளங்கிக்கொள்கிறார். எழுந்து சென்று படலையைச் செவ்வனே மூடுகிறார். ஆனால், அவர் மூடி முடிக்கும்போது வண்டி கடவையைக் கடந்துபோய் அரை நிமிடமாகிவிட்டது. அவர் செய்த காரியத்தைச் சரியென்பதா, பிழையென்பதா? செய்த முறையிலே குற்றமில்லை. எனினும், அந்த அரை நிமிடத்துக்குள் ஓர் உயிர் போயிருக்கக்கூடும். காலந் தாழ்த்திச் செய்த சரியான காரியம், செய்யாத காரியத்துக்கு ஒப்பானது. இந்த உண்மையைக் கணினிகளுக்குக் கற்பிக்க மனிதன் பட்ட பாட்டைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன்.

கணினி என்றவுடன் கணக்குப் பார்க்கும் யந்திரம் ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. மாதச் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் கணினி ஐந்து நிமிடம் பிந்தினால் எவருக்கும் நட்டமில்லை. விடை சரியாயிருந்தாற் போதும். ஆனால், இன்று கணினி கந்தோர் மேசையை விட்டு வெளியே வந்துவிட்டது. மோட்டார் வண்டியின் தடையை அது இயக்குகின்றது. ஆகாயவிமானத்தின் சிறகுப் பலகைகளைத் திருப்புகின்றது. நோயாளியின் நாளத்திலே துளித்துளியாக மருந்தைச் செலுத்துகின்றது. ஒரு நாட்டின் மின்சார வலையைக் கண்காணிக்கின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனிலே ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடும். தடையை இயக்கும் கட்டளை அரைச் செக்கன் பிந்தினால், வண்டி எட்டு மீற்றர் அப்பாற் சென்றுவிடும். தெருவைக் கடக்கும் பிள்ளைக்கு அந்த எட்டு மீற்றர் எத்தகையது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வாறு கணிப்பும் பொருளுலகும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்த அமைப்புக்களைச் 'சைபர்-பௌதிகத் தொகுதிகள்' என்பர். 2006ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவில் வழக்குக்கு வந்த பெயர் இது. பெயர் புதிது, பொருள் பழையது. இத்தொகுதிகளிலே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கணினியினுள்ளே ஓடுவது. மற்றையது இயற்கையின் கடிகாரம். முன்னையது தடுமாறலாம், பின்னையது எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

இனி, இந்தத் தொகுதிகளின் உள்ளமைப்பைச் சிறிது பார்ப்போம். ஒரு பெரிய தொகுதியிலே நூற்றுக்கணக்கான அளவிகள், இயக்கிகள், செய்நிரல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே பேசவேண்டுமானால், சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். ஆதலால், இவற்றுக்கு நடுவே செய்திகளை ஏற்றுப் பங்கிடும் மென்பொருட் படை ஒன்றை வைத்திருக்கின்றார்கள். அதுவே இடைநிலை மென்பொருள். நம்மூர்த் தபாற்கந்தோரை இதற்கு உவமையாகச் சொல்லலாம். கடிதம் எழுதுபவர் தெருக்களையெல்லாம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பெறுபவர் எங்கிருக்கிறார் என்று தேடி அலைய வேண்டியதுமில்லை. முகவரியை எழுதிப் பெட்டியிலே போட்டால், மற்றதைத் தபாற்கந்தோர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால், சாதாரணத் தபாலின் நீதி வேறு. முன்னே வந்தது முன்னே போகும். பிந்தினாலும் பிழையில்லை, போய்ச் சேர்ந்தாற் போதும். உயிரோடு தொடர்புள்ள யந்திரத்துக்கு இந்த நீதி பொருந்தாது. அங்கே தபாற்காரன் மூன்று காரியங்களை அறிந்திருத்தல் வேண்டும். எந்தச் செய்தி முக்கியமானது? எந்த நேரத்துக்குள் அது சேர வேண்டும்? எப்பொழுது அது பழையதாகிப் பயனற்றுப் போகின்றது? இம்மூன்றையும் அறியாத இடைநிலை மென்பொருள், எவ்வளவு விரைவானதாயினும் நம்பத்தக்கதன்று.

இதற்கு வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக் காட்டுகிறேன். முதலாவது வெற்றிக் கதை. இரண்டாவது நூலிழையில் தப்பிய கதை. மூன்றாவது துயரக் கதை.

1969ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி. அப்பலோ 11 விண்கலத்தின் இறங்குகலம் சந்திரனின் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆம்ஸ்ட்ரோங்கும் ஒல்ட்ரினும் அதனுள்ளே இருக்கின்றனர். அவர்களை வழிநடத்தும் கணினியின் மாற்றத்தக்க நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. இன்று ஒரு பாடசாலை மாணவனின் கையடக்கத் தொலைபேசியோடு ஒப்பிட்டால், அது கடலின் முன்னே ஒரு சிரட்டைத் தண்ணீர். அந்தச் சிறிய கணினி, இறங்கும் வழியை இரண்டு செக்கனுக்கு ஒருமுறை புதிதாகக் கணித்துக்கொண்டிருந்தது. திடீரென்று 1202 என்னும் அபாய இலக்கம் திரையிலே தோன்றியது. சிறிது நேரத்தின் பின் 1201 என்னும் இலக்கமும் தோன்றியது. தன்னாற் செய்து முடிக்கக்கூடியதற்கு மேலாக வேலைகள் குவிந்துவிட்டன என்பதே அவற்றின் பொருள்.

காரணம் பின்னர் தெரியவந்தது. அப்போதைக்குத் தேவைப்படாத ஒரு ராடார்க் கருவியிலிருந்து பொருளற்ற மின்துடிப்புக்கள் இடைவிடாது கணினிக்கு வந்து, அதன் நேரத்திலே நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட பங்கைத் தின்றுகொண்டிருந்தன. ஆயினும், அந்தக் கணினி நிலைதடுமாறவில்லை. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடத்திலே ஹால் லானிங் என்பவர் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முதன்மை எண் கொடுக்கப்பட்டிருந்தது. நெருக்கடி வந்ததும் கணினி தன்னைத்தானே நொடிப்பொழுதில் மீளத் தொடங்கிற்று. சிறிய வேலைகளைக் கைவிட்டது. இறக்கத்தை வழிநடத்தும் பெரிய வேலைகளை, அவை விட்ட இடத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொண்டது. பூமியிலிருந்த இளம் பொறியியலாளர்கள் இந்த அபாய இலக்கத்தின் பொருளை முன்னரே கற்றிருந்தபடியால், இறக்கத்தைத் தொடரலாம் என்று கூறினர். கலம் பத்திரமாக இறங்கிற்று.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் ஒன்றுண்டு. எல்லாவற்றையும் செய்து முடிப்பது எப்பொழுதும் இயலாது. இயலாத வேளையிலே எதை விட்டுவிடலாம் என்பதை அமைதியான வேளையிலேயே தீர்மானித்து வைத்திருத்தல் வேண்டும். வெள்ளம் வீட்டினுள் புகுந்த பின்னர் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்று ஆலோசிக்கும் குடும்பம் எதையும் காப்பாற்றுவதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி செவ்வாய்க் கிரகத்திலே நடந்தது. 1997ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் அங்கே இறங்கியது. படங்களை அனுப்பியது, சோஜோர்னர் என்னும் சிறு ஊர்தியையும் தரையில் இறக்கியது. உலகமே வியந்தது. சில நாட்களுக்குள் ஒரு விபரீதம் தோன்றிற்று. கலத்தின் கணினி இடையிடையே தன்னைத்தானே நிறுத்தி, மீளத் தொடங்கலாயிற்று. சேகரித்த விவரங்கள் அழிந்துபோகவில்லை. ஆனால், அன்றைக்கு எஞ்சிய வேலைகள் யாவும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயின. வானொலி அலை சென்று சேரவே பத்து நிமிடத்துக்கு மேற்படும் தூரத்திலே, கைதொட்டுத் திருத்த முடியாத ஒரு யந்திரம் இவ்வாறு நடந்துகொண்டது.

நடந்ததை ஓர் உவமையாற் கூறுகின்றேன். ஒரு பண்டகசாலை, அதற்கு ஒரே சாவி. வீட்டின் கடைநிலை வேலையாள் ஒருவன் சாவியை வாங்கி உள்ளே ஒரு சிறு வேலை செய்கிறான். அந்த நேரம் வீட்டு எசமானுக்கு அவசரமாகப் பண்டகசாலை தேவைப்படுகிறது. வேலையாள் வெளியே வரட்டும் என்று வாசலிலே காத்திருக்கிறார். இதற்குள் இடைநிலை உத்தியோகத்தர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்த வேலையாளை அழைத்து, "இதைச் செய், அதைச் செய்" என்று ஏவுகின்றனர். வேலையாளைவிட அவர்கள் பெரியவர்கள். ஆகையால் அவன் மறுக்க முடியாது. சாவியோ அவன் மடியில். வாசலிலே நிற்கும் எசமானைப் பற்றி அந்த உத்தியோகத்தர்களுக்குத் தெரியாது. இவ்வாறு வீட்டின் தலைவர், தம்மிலும் சிறியவர்களின் வேலைக்காகக் காத்துக் கிடக்கிறார். இந்நிலையைப் பொறியியலாளர்கள் 'முதன்மைத் தலைகீழ்' என்பர்.

பாத்ஃபைண்டரில் அந்தக் கடைநிலை வேலையாள், காலநிலை விவரங்களைச் சேகரிக்கும் செய்நிரல். எசமான், கலத்தின் கருவிகளுக்கிடையே தகவல்களைப் பங்கிடும் செய்நிரல். செக்கனுக்கு எட்டுத் தடவை தகவற்பங்கீடு நடந்து முடிதல் வேண்டும். முடியாவிட்டால், ஏதோ பெருந்தவறு நேர்ந்தது என்று கொண்டு, காவற் செய்நிரல் முழுக் கணினியையும் மீளத் தொடங்கிவிடும். அவ்வாறே அது செய்தது. இதிலே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விடயம் யாதெனில், காலநிலைச் செய்நிரலை எழுதியவரும் பிழை செய்யவில்லை. தகவற்பங்கீட்டை எழுதியவரும் பிழை செய்யவில்லை. பூட்டு அவர்கள் இருவருக்கும் இடையே, செய்தி பரிமாறும் பொதுப்படையினுள்ளே மறைந்து கிடந்தது. தாங்கள் ஒரே சாவியைப் பகிர்கிறோம் என்பதே அவர்களுடைய கண்ணுக்குப் புலப்படவில்லை.

இந்நோய்க்கு மருந்து முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டிலே லாம்ப்ஸன், ரெடெல் ஆகிய இருவர் இந்தச் சிக்கலைத் தம் ஆய்வுக் கட்டுரையிலே எடுத்துக் கூறினர். 1990ஆம் ஆண்டிலே லூயி ஷா, இராகுநாதன் இராஜ்குமார், ஜோன் லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் அதற்கு 'முதன்மை வாரிசு' என்னும் தீர்வைக் கணித முறைப்படி நிறுவி வெளியிட்டனர். தீர்வு எளியது. எசமான் வாசலிலே காத்திருக்கும்வரை, சாவியை வைத்திருக்கும் வேலையாளுக்கு எசமானின் அந்தஸ்தைக் கடனாகக் கொடுத்துவிடுவது. அப்பொழுது இடைநிலை உத்தியோகத்தர் எவரும் அவனை ஏவ முடியாது. அவன் விரைவில் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் பழைய நிலைக்குத் திரும்புவான். பாத்ஃபைண்டரின் மென்பொருளிலும் இவ்வசதி இருந்தது. ஆனால், அந்தக் குறித்த பூட்டிலே அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது!

பொறியியலாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கலத்திலே அதே பிழையை உண்டாக்கிப் பார்த்தனர். நடந்தவற்றைப் பதிவு செய்யும் வசதியை மென்பொருளிலிருந்து நீக்காமல் வைத்திருந்தமை அவர்களுக்குக் கைகொடுத்தது. காரணம் புலப்பட்டதும், சிறு திருத்தம் ஒன்றை வானொலி அலைமூலம் செவ்வாய்க்கு அனுப்பி, அந்த வசதியை இயக்கிவிட்டனர். கலம் நலமடைந்தது. ஆயினும், ஓர் உண்மையை அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். இந்தக் குறை, கலம் செவ்வாயில் இறங்குவதற்கு முந்திய பரிசோதனைகளிலேயே தலைகாட்டியிருந்தது. தேடியபோது மறுபடி தோன்றவில்லை. வேறு அவசர வேலைகளும் இருந்தன. எப்பொழுதோ ஒருமுறை தோன்றி மறையும் பிழையே இத்தொகுதிகளில் மிகக் கொடியது என்பதை இதனால் அறிகின்றோம்.

மூன்றாவது நிகழ்ச்சியைக் கனத்த மனத்தோடுதான் சொல்லவேண்டும். 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலே ஓர் ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது விழுந்து 28 பேர் உயிரிழந்தனர். அதனைத் தடுக்கவேண்டிய பேட்ரியட் என்னும் எதிர்ப்புத் தொகுதி அங்கே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், அது ஏறத்தாழ 100 மணித்தியாலங்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நேரத்தைச் செக்கனின் பத்தில் ஒரு பங்காக எண்ணுவது. பத்தில் ஒன்று என்பது நமக்கு எளிய எண். கணினியின் இரும எண் முறையிலோ அதனை முடிவுபெற எழுத இயலாது. 24 இலக்கங்களுக்குள் அதனை அடக்கியபோது ஒரு துளி எஞ்சி விடுபட்டது. நாள்தோறும் அந்தத் துளிகள் சேர்ந்து, 100 மணித்தியாலத்திலே ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்காயின. செக்கனுக்கு 1,600 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்த ஏவுகணையை, அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வெற்றிடத்திலே அந்தத் தொகுதி தேடிற்று. அங்கே ஒன்றுமில்லை என்று அமைதியடைந்தது. திருத்திய மென்பொருள் அனுப்பப்பட்டு வழியிலே இருந்தது. அது தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பெப்ரவரி 26ஆம் திகதி. திருத்தமும் காலந் தாழ்த்தியே வந்தது.

நேயர்களே, இம்மூன்று நிகழ்ச்சிகளிலிருந்தும் பெற்ற அறிவு வீண்போகவில்லை. இன்றைய இடைநிலை மென்பொருள்கள் அந்த அறிவின்மீது கட்டப்பட்டவை. முதலாவதாக, தொகுதியின் கடிகாரங்கள் யாவும் ஒரே நேரத்தைக் காட்டுதல் வேண்டும். இதற்கென 2002ஆம் ஆண்டிலே ஒரு சர்வதேச நியமம் வெளிவந்தது. தக்க கருவிகளோடு அதனைக் கையாண்டால், வலையமைப்பிலுள்ள கடிகாரங்களுக்கிடையேயான வேறுபாட்டைச் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஆக்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு செய்தியும் தன் நிபந்தனைகளைத் தன்னோடு கொண்டு செல்லுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டிலே வெளிவந்த 'தரவு விநியோகச் சேவை' என்னும் நியமம் இதற்கு நல்ல உதாரணம். இன்ன கால இடைவெளிக்குள் அடுத்த செய்தி வரவேண்டும், இன்ன நேரத்துக்குப் பின் இச்செய்தி செல்லாது என்று அதிலே முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ஓர் அளவி ஊமையாகிவிட்டால், அடுத்த நிலையிலுள்ள அளவியின் செய்தியை ஏற்றுக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. இன்று ஆராய்ச்சிக்கூடங்களிலே இயங்கும் எந்திர மனிதர் பலரின் உள்ளே ஓடுவது இத்தகைய தபாற் சேவையே.

மூன்றாவது கடமையொன்று உண்டு. என் மனத்துக்கு அதுவே தலையாயது. தன்னால் உரிய காலத்துள் முடிக்க இயலாதென்று கண்டால், அதனை உடனே வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். அப்பலோவின் கணினி 1202 என்று கூவியது. அதனாலேயே மனிதர் தீர்மானம் எடுக்க முடிந்தது. தஹ்ரானிலே இருந்த கணினி தன் கடிகாரம் பிழைத்தது என்பதை அறியவுமில்லை, அறிவிக்கவுமில்லை. அபாய மணி அடிக்கும் யந்திரத்தைக் கண்டு நாம் எரிச்சலடைகிறோம். உண்மையிலே அஞ்சவேண்டியது, பிழையோடு மௌனமாயிருக்கும் யந்திரத்துக்கே.

இங்கே பலரும் மயங்கும் ஓரிடத்தையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். "எங்கள் தொகுதி சராசரியாக மிக விரைவானது" என்று விற்பவர்கள் விளம்பரம் செய்வர். ஓர் ஊருக்குச் செல்லும் பஸ் நூறு நாளிலே தொண்ணூற்றொன்பது நாட்கள் நேரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி மிக நன்று. ஆனால், வராத அந்த ஒரு நாள் உங்கள் பிள்ளையின் பரீட்சை நாளாயிருந்தால், சராசரியை வைத்து என்ன செய்வது? மருந்து செலுத்தும் யந்திரத்தையும் தடையை இயக்கும் கணினியையும் அவற்றின் சிறந்த நாளைக் கொண்டு மதிப்பிடலாகாது. மிகக் கெட்ட நாளிலே, வேலைகளெல்லாம் ஒருங்கே குவிந்த வேளையிலே, எவ்வளவு பிந்தும் என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். வேகம் வேறு, காலந் தவறாமை வேறு.

இவையெல்லாம் பொறியியலாளரின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். இத்தகைய யந்திரங்களை விலைகொடுத்து வாங்குபவர்கள் நாம். அவற்றின் மடியிலே நம் நோயாளிகளையும் பிள்ளைகளையும் ஒப்படைப்பவர்களும் நாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு யந்திரம் வாங்கும் அதிகாரியும், நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவனும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். எதற்குள் விடை வரும்? வராவிட்டால் யார், எப்போது, எமக்குச் சொல்வார்? இக்கேள்விகளுக்குத் தெளிவான மறுமொழி இல்லாத யந்திரம், எத்துணைப் பளபளப்பாயிருந்தாலும், படலையைப் பிந்தி மூடும் காவலாளியே.

எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்பதை யந்திரம் தானாக அறிவதில்லை. சந்திரனிலே இறங்கிய அந்தச் சிறு கணினிக்கு அதைச் சொல்லிவைத்தவர்கள் மனிதர்கள். அதுவும், ஆபத்து வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மேசையின் முன்னே அமர்ந்து, பொறுமையாக. செவ்வாய்க் கலத்திலே அணைத்து வைக்கப்பட்டிருந்த அந்த வசதியையும் ஒரு மனிதக் கையே இயக்கவேண்டியிருந்தது. ஆகவே, காலந் தவறாத யந்திரங்களை வேண்டுவோமாயின், முதலிலே அவற்றை ஆக்குவோரும் வாங்குவோரும் காலத்தின் அருமையை உணர்ந்தவர்களாதல் வேண்டும்.

இப்பேச்சுக்கும் ஒரு காலவரையறை உண்டு. அதனை மீறாமல் இவ்வளவில் விடைபெறுகின்றேன்.